கை காயும் இருபது நொடி: பினாங்கு வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மலேசியாவின் பினாங்கில் புதிதாக வேலைக்குச் சேர்கிற பயிற்சி மருத்துவர்களும் தாதியரும் முதல் வாரத்தில் என்னிடம் கேட்பது வாடகை அறை, கார் நிறுத்த இடம், நள்ளிரவுக்குப் பிறகும் சோறு கிடைக்கும் கடை ஆகியவற்றைத்தான். நான்காவது வாரத்தில் கேள்வி மாறிவிடும். "அக்கா, வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் மானிட்டர் சத்தம் காதிலேயே இருக்கிறது. எல்லாருக்கும் இப்படித்தானா?"

எல்லாருக்கும் இப்படித்தான். தாதியாக இருபது ஆண்டுக்கு மேல் இரவும் பகலும் மாறி மாறி வேலை பார்த்தவள் சொல்கிறேன். அந்த நான்காவது வாரத்தை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்துவது, கூட வேலை செய்கிறவரைத் தாங்கிப் பிடிப்பது என இரண்டு பழக்கங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இரண்டையும் புதிய கடமையாக நினைத்துச் சேர்த்துக்கொண்டால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள். ஏற்கெனவே கை செய்கிற வேலையோடு சேர்த்துத் தைத்துவிட்டால் நிற்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று புழங்கும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது பாலி மொழியின் 'சதி'. நினைவு, மறவாமை என்று பொருள். தமிழில் அதை அப்படியே சொன்னால் கேட்பவர் யார் யாருக்கு எதிராகச் சதி செய்தார் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். நான் 'நினைப்போடு இருத்தல்' என்றே சொல்கிறேன். என் பாட்டி சோறு போடும்போது "நினைப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்பாரே, அதேதான்.

இதை மருத்துவமனைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் கபாட்-ஜின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கினார். எட்டு வாரம் வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. காலை ஏழு மணிக்கு முன்பே வார்டுக்குள் நுழைந்து இரவு பத்துக்கு வெளியே வரும் டேகிங் காலத்து (புதுத் துறையில் மூத்தவர்களைப் பின்தொடர்ந்து பழகும் முதல் நாட்கள்) மருத்துவரிடம் முக்கால் மணி நேரம் என்றால் அவர் சிரிப்பாரா அழுவாரா என்று எனக்குத் தெரியாது. ஆகவே சிறியதிலிருந்து தொடங்குவோம்.

முதலில், கை காயும் நேரம்

நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. சானிட்டைசர் என்றால் 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும், கை காயும் வரை. சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 நொடி. ஒரு ஷிப்டில் இது எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் உங்களுக்குச் சட்டப்படியே இருபது நொடி கிடைக்கிறது. அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

அந்த இருபது நொடியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு பாதமும் தரையில் அழுந்தி நிற்கின்றனவா என்று உணருங்கள். சானிட்டைசரின் குளிர்ச்சி விரலிடுக்கில் ஓடுவதைக் கவனியுங்கள். மூச்சை ஒருமுறை நீளமாக வெளியே விடுங்கள். கை காய்ந்ததும் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் பெயரை மனத்துக்குள் முழுதாகப் படியுங்கள். கட்டில் எண் போதாது, பெயர் வேண்டும். கண்ணை மூடத் தேவையில்லை. மூடினால் சிலருக்கு முந்தின இரவு பார்த்த காட்சிதான் முன்னால் வந்து நிற்கும். அப்படி வந்தால் பாதத்தை மட்டும் கவனியுங்கள், மூச்சைக் கவனிக்க வேண்டாம்.

பெயரைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பணிச்சோர்வை அளக்கும் வழியை 1981இல் உருவாக்கியவர்களில் ஒருவரான உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் சொன்னார். உணர்வு வற்றிப்போவது, ஆட்களைப் பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. இரண்டாவது முகம் சத்தமில்லாமல் வரும். "பதினான்காம் நம்பர் மறுபடியும் பெல் அடிக்கிறது" என்று நான் சொன்ன நாளை இன்னும் மறக்கவில்லை. பதினான்காம் நம்பருக்கு ஒரு பெயர் இருந்தது. தண்ணீர் கேட்டிருந்தார்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அதிகாலை மூன்று மணி. தோட்டத்துப் பக்கமிருந்து வந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட பாட்டி. நரம்பெல்லாம் சுருங்கிப்போன கை. ஒரு இளம் பயிற்சி மருத்துவர் மருந்து ஏற்றும் குழாயான பிரானூலாவைப் போட முயல்கிறார். முதல் குத்து தவறிவிட்டது. இரண்டாவதும் தவறியது. நெற்றியில் வியர்வை. பாட்டி வலியோடு சொன்னார்: "மெதுவாகக் குத்து தம்பி, நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்."

அந்தப் பையன் சிரித்துவிட்டார். தட்டைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைத் தேய்த்தார், மெதுவாக, காயும் வரை. அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மூன்றாவது முறை குத்தவில்லை. பக்கத்து வார்டில் இருந்த தோழியை அழைத்தார். அந்தப் பெண் வந்து முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து ஒரே முயற்சியில் போட்டுவிட்டார். இரண்டு முறை தவறினால் வேறொருவரை அழைப்பது நல்ல வார்டுகளில் எழுதப்படாத விதி. ஆனால் மூன்று மணிக்கு அந்த விதி நினைவுக்கு வர, நடுவில் ஓர் இருபது நொடி தேவைப்படுகிறது.

அடுத்து, ஓர் ஆள்

உங்களுக்கென்று ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து பேர் வேண்டாம். பயிற்சி மருத்துவர்களுக்கு இரண்டு ஆண்டில் ஆறு துறைகள், நான்கு மாதத்துக்கு ஒன்று. ஒரு வார்டின் ஆட்களோடு பழகி முடிப்பதற்குள் அடுத்த வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே வார்டோடு ஒட்டாத ஆளாக இருக்க வேண்டும். உங்களை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடுபவராக இருக்கக் கூடாது. கணவனோ மனைவியோ வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே உங்களைச் சுமக்கிறார்கள். மருத்துவரும் தாதியும் சேர்ந்த ஜோடி மிக நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரே இரவை இரண்டு கோணத்தில் பார்த்தவர்கள் அவர்கள்.

நம் ஆட்கள் "சாப்பிட்டாயா?" என்றுதான் விசாரிப்போம். நல்ல கேள்விதான். ஆனால் "ஆயிற்று" என்ற பொய்யும் அதனோடேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜோடிக்குள் வேறு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்ப வேண்டும். ஏழு, எட்டு என்றால் பதில் தேவையில்லை. நான்குக்குக் கீழே வந்தால் மற்றவர் எழுத்தில் பதில் அனுப்பாமல் போனில் அழைக்க வேண்டும். அழைத்ததும் அறிவுரை சொல்லக் கூடாது. "நான் கேட்கிறேன், சொல்லு" என்பது போதும்.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் ஆன்கால் (அழைப்புப் பணி) இருந்தால் வார்டு நிரம்பி வழிகிறதோ அவரை இங்கே 'ஜோனா' என்பார்கள். கேலிதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் மூன்று வாரமாக ஒருவரையே ஜோனா என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர் தன் எண்ணை உண்மையாகச் சொல்வதை நிறுத்திவிடுவார்.

தவறு நடந்த இரவு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன். புதியவர்களைத் தூக்கிப்போடுவது நீண்ட நேர வேலையைவிட இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மருத்துவமனையில், ஒரு நோயாளிக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினைப் போட்டுவிட்டேன். பரிசோதனைக்காக அவர் சாப்பிடக் கூடாது என்று முடிவாகியிருந்தது. அது பலகையில் எழுதப்படவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தது, திரும்பிப் போனது. ஒரு மணி நேரம் கழித்து அவர் சட்டை முழுதும் நனைந்து கிடந்தார். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 2.1 மில்லிமோல். நான்குக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றியதும் கண் திறந்து என்னைப் பார்த்து, "என்னம்மா, தூங்கிவிட்டேனா?" என்று கேட்டார்.

மறுநாள் என் பெயரோடு ஒரு குறிப்பை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமானால் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தண்ணீர் குடிக்காமலேயே வேலை பார்த்தேன். அந்தக் குறிப்பால் எந்த நோயாளிக்கும் நன்மை விளையவில்லை. எப்போது சாப்பாடு நிறுத்தப்படுகிறது என்பதைப் பலகையில் யார் எழுத வேண்டும் என்ற கேள்வியை அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

தவறு நடந்த இரவில் என்னோடு இருந்த மலாய்த் தாதி ஒருவரை நாங்கள் எல்லாரும் 'காக்' (மலாயில் அக்கா) என்றுதான் அழைப்போம். அவர் என்னை அவசரப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, கையில் ஒரு கோப்பை சூடான மைலோவைக் கொடுத்தார். "அவர் பிழைத்துவிட்டார். நீதான் இன்னும் நடுங்குகிறாய். முதலில் இதைக் குடி. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அறிக்கை எழுதுவோம்." அவ்வளவுதான் பேசினார். ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் அல்ல அது.

தவறில் அடிபட்ட நோயாளிக்கு அடுத்தபடியாக, அதைச் செய்த மருத்துவரையும் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்றார். அந்தப் பெயரைப் பற்றி வாதங்கள் உண்டு. நோயாளியின் குடும்பத்துக்கு அது உறுத்தும், உறுத்துவதும் நியாயம்தான். பெயர் எதுவானாலும் உங்கள் சக ஊழியர் தவறு செய்த இரவில் காக் செய்ததையே அதே வரிசையில் செய்யுங்கள். முதலில் நோயாளியைப் பாதுகாப்பது, பிறகு அவரை வார்டின் பார்வையிலிருந்து பத்து நிமிடம் வெளியே கொண்டுவருவது, குடிக்க ஏதாவது கொடுப்பது, கடைசியில் அறிக்கை. அறிக்கையைத் தனியாக எழுத விடாதீர்கள். தனியாக எழுதுபவர் ஒன்று எல்லாப் பழியையும் தன் மேலேயே போட்டுக்கொள்வார், இல்லையென்றால் பாதியை மறைப்பார்.

அடுத்த மூன்று நாள் முக்கியம். மறுநாள் ஷிப்டுக்கு முன் ஒரு செய்தி, மூன்றாம் நாள் ஒரு போன். எல்லாரும் மறந்துவிட்டதாக அவர் நினைக்கும் நேரத்தில் மறக்காத ஒருவர் இருப்பது நல்லது.

மரணத்துக்குப் பின் ஒரு நிமிடம்

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதியாக இருந்த ஜோனதன் பார்ட்டெல்ஸ், நோயாளி இறந்ததும் அறையில் இருக்கும் அனைவரும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அதற்கு 'இடைநிறுத்தம்' என்பதே பெயர். இறந்தவர் ஒருவரின் பிள்ளை, ஒருவரின் தாய், அவரை மதிப்போம் என்று ஒருவர் சொல்வார். பிறகு மௌனம்.

நம் நாட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கும் ஐந்து பேர் ஐந்து விதமாகக் கும்பிடுகிறவர்கள். ஒருவர் தேவாரம் நினைப்பார், ஒருவர் யாசின் நினைப்பார், ஒருவர் எதையும் நினைக்க மாட்டார். மௌனம் யாருடைய பிரார்த்தனையையும் தள்ளி வைப்பதில்லை. குடும்பத்தார் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். புதியவராக இருந்தால் நீங்கள் தொடங்க வேண்டாம், மூத்த தாதியிடம் "சிஸ்டர், ஒரு நிமிடம் நிற்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் கை கழுவும் தொட்டியருகே நீங்கள் தனியாக நின்றுகொள்ளலாம், நாற்பது நொடி.

நால்வர் கூடும் வட்டம்

ஜோடி பழகிய பிறகு, மாதம் ஒருமுறை நான்கைந்து பேர் கூடுவது நல்லது. இதற்கு மாதிரி ஒன்று இருக்கிறது. 1950களில் லண்டனின் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலிண்ட், எனிட் பாலிண்ட் இருவரும் பொது மருத்துவர்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள். ஒரு மருத்துவர் தன் மனத்தை விட்டுப் போகாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார், காகிதம் பார்க்காமல். இன்று பல பாலிண்ட் குழுக்களில், சொல்லி முடித்தவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் அந்த நோயாளியாகவும் அந்த மருத்துவராகவும் தங்களை வைத்துப் பேசுகிறார்கள். மருந்து சரியா தவறா என்ற பேச்சு கிடையாது.

நாங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுவே. ஒருவர் பத்து நிமிடம், மற்றவர்கள் இருபது நிமிடம், முடிவில் சொன்னவருக்கு ஐந்து நிமிடம். முதல் மூன்று கூட்டத்தில் அறிவுரை வெள்ளமாக வரும். நம் ஊரில் அதைத் தடுப்பது எளிதல்ல, அக்கா தம்பி என்றாலே அறிவுரை சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. மூத்தவர்களாகப் பார்த்து வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் ஒரு பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்காருவேன்.

இடம் கவனம். நாசி கண்டார் கடையில் நோயாளியைப் பற்றிப் பேசாதீர்கள். பக்கத்து மேசையில் அவருடைய மருமகன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார், பினாங்கு அவ்வளவு சிறிய தீவு. வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். மூடிய அறை வேண்டும். அறை கிடைக்காவிட்டால் தாவரவியல் பூங்காவில் நடந்துகொண்டே பேசலாம், பெயரும் ஊரும் நோயின் விவரமும் இல்லாமல். சிலருக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் பொருந்துகின்றன. ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது பேச மூச்சு இருக்காது, காலை மட்டும் கவனித்து ஏறினால் அதுவே பயிற்சி. இறங்கும்போது பேசிக்கொள்ளலாம்.

இதனால் தீராதவை

மூச்சுப் பயிற்சியால் ஆள் பற்றாக்குறை தீராது. முப்பது நோயாளிக்கு இரண்டு தாதி என்றால் அதற்கு மருந்து மூன்றாவது தாதிதான். உலகச் சுகாதார நிறுவனமே 2019இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலைச் சூழலிலிருந்து பிறப்பது என்றுதான் சொன்னது. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தரப் பணி கேட்டுக் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றது தியானம் தெரியாததால் அல்ல. பயிற்சி மருத்துவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராயச் சுகாதார அமைச்சு 2022இல் தனிக்குழுவே அமைத்தது. யாராவது உங்களைத் திட்டி அவமானப்படுத்தினால், தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். மூச்சை இழுத்து விட்டுவிட்டு எழுதுங்கள், கையெழுத்து நன்றாக இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால், பிடித்த சாப்பாடும் ருசிக்காவிட்டால், வேலைக்குப் போகும் வழியில் சின்ன விபத்து நடந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றினால், ஜோடி போதாது. அரசு சுகாதார நிலையங்களில் 21 கேள்விகள் கொண்ட 'டாஸ்' படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றையும் அளக்கும் படிவம் அது. நீங்களே நோயாளிகளுக்குக் கொடுத்திருப்பீர்கள், இப்போது நீங்கள் நிரப்புங்கள், பொய் சொல்லாமல். சக ஊழியரைப் பற்றிப் பயம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள், அவசரப் பிரிவுக்குக் கூடவே போங்கள். வழக்கு வருமோ என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் உண்டு. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

மனம் தாங்காதபோது அழைக்க இரண்டு எண்களைப் பெயர் அட்டையின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள். பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 24 மணி நேரமும்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் சேவை: 15555.

வீட்டுக்குப் போகும் வழி

பதினேழு மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓட்டுநருக்கான உச்ச வரம்பும் அதுவே. இரவு ஒன்பதுக்கு ஏறி காலை ஏழுக்கு இறங்கும் தாதி, முந்தின பகல் தூங்காமல் இருந்தால் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டார். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், நடுவில் நிறுத்திக் கண்ணயர இடம் கிடையாது.

புறப்படும் முன் ஓய்வறையில் இருபது நிமிடம் தூங்குங்கள். வீடு பட்டர்வொர்த் பக்கம் என்றால், இரவு ஷிப்ட் நாட்களில் காரை அந்தப் பக்கமே விட்டுவிட்டு ஃபெர்ரியில் வாருங்கள். இப்போது அது கார்களை ஏற்றுவதில்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும்தான் ஏற்றுகிறது. திரும்பும்போது ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அக்கரை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்தச் சில நிமிடமும் யாருக்கும் நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்.

அக்கரையிலிருந்து கார் ஓட்ட வேண்டியிருந்தால் அதற்கு முன் இன்னொரு குட்டித் தூக்கம். வீட்டுக் கதவைத் திறந்ததும் ஜோடிக்கு எண்ணோடு 'சேர்ந்துவிட்டேன்' என்று ஒரு சொல். வழக்கமான நேரத்தைத் தாண்டி அரை மணி ஆகியும் அந்தச் சொல் வராவிட்டால், தூங்கியிருப்பார் என்று விட்டுவிடாமல் அழைத்துப் பாருங்கள். தூங்கித்தான் இருப்பார், எழுப்பியதற்குத் திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டு போனை வையுங்கள்.